வீட்டுத் தோட்டத்துப் பறவைகளும் புதுக் கேமரா வசதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020-க்குப் பிறகு வந்த மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத) கேமராக்கள் பலவற்றில் பறவை எடுப்பவர்களுக்கென்றே சில வசதிகள் இருக்கின்றன. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், பட்டனை அழுத்துவதற்கு முந்தைய நொடியையும் சேர்த்துப் பதிவு செய்வது, சத்தமே இல்லாத ஷட்டர் என்று நீள்கிறது பட்டியல். இவற்றை வீட்டுக் கொல்லையில் வைத்துப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பறவைகள் எல்லாம் தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணமாக வந்து போகிறவைதான்.

புதுக் கேமரா வாங்கியாச்சு. நேரே வேடந்தாங்கல் போகக்கூடாதா?

தாராளமாகப் போகலாம். ஆனால் பழகுவதற்கு அது இடமில்லை. அங்கே உங்களுக்குக் கிடைப்பது அரை நாள். எந்த மெனுவில் எது இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே கூழைக்கடா வந்து இறங்கிச் சிறகையும் மடக்கிவிடும்.

வீட்டில் கதை வேறு. நேற்று செம்பருத்திக்கு வந்த தேன்சிட்டு இன்றைக்கும் வரும், பெரும்பாலும் அதே கிளையில்தான் முதலில் உட்காரும். ஒரே ஒரு அமைப்பை மாற்றிவிட்டு, அதே பறவை, அதே கிளை, அதே காலை வெளிச்சம் என்று வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஒரு வசதி உண்மையில் உதவுகிறதா, விளம்பரத்தில் மட்டும்தான் உதவுகிறதா என்பது அப்படிப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு. பறவை அடுத்து என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் இந்த வசதிகளில் பாதி வேலையே செய்யும். அந்தப் பழக்கம் தினமும் பார்க்கிற பறவையிடம்தான் கிடைக்கும்.

பறவைக் கண் ஃபோகஸ் என் கேமராவில் இருக்கிறதா, எப்படித் தெரிந்துகொள்வது?

ஆட்டோஃபோகஸ் மெனுவில் எதை அடையாளம் காண வேண்டும் என்று கேட்கும் இடத்தைப் பாருங்கள். மனிதர், விலங்கு, பறவை, வண்டி என்று வரிசையாக இருக்கும். கேனான் 2020-இல் வந்த ஆர்5-இல் விலங்கு என்ற ஒரே தலைப்புக்குள் பறவையையும் சேர்த்தது. அதே ஆண்டு இறுதியில் ஒலிம்பஸ் தன் இ-எம்1எக்ஸ் கேமராவுக்கு ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) வழியாகப் பறவையை அடையாளம் காணும் வசதியைக் கொடுத்தது. சோனி 2021-இல் ஏ1 கேமராவில் பறவைக்குத் தனி இடம் வைத்தது. நிக்கான் இசட்8, இசட்9 இரண்டுக்கும் பறவைக்கான தனி அமைப்பு 2024-இல் ஃபர்ம்வேரில்தான் வந்தது. ஆகவே உங்களிடம் இருப்பது இரண்டு மூன்று வருடப் பழைய கேமரா என்றால், புதுசு வாங்க யோசிப்பதற்கு முன்னால் புது ஃபர்ம்வேர் ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள். காசு செலவில்லாமல் கிடைப்பதை விட்டுவிடக் கூடாது.

முதலில் எந்தப் பறவையை வைத்துப் பழகுவது?

தவிட்டுக்குருவி. யோசிக்கவே வேண்டாம்.

கூட்டமாக வரும், தரையில் சருகைக் கிளறிக்கொண்டு வெகுநேரம் இருக்கும், நம்மைக் கண்டு அவ்வளவாக மிரளாது. எல்லாவற்றையும் விட, அதன் கண் வெளிறிய நிறம். நடுவில் கருமணி தனியாகப் பளிச்சென்று தெரியும். கேமரா சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆறேழு பறவைகள் ஒரே சட்டகத்துக்குள் குதிக்கும்போது கேமரா எந்தக் கண்ணைத் தேர்ந்தெடுக்கிறது, அதை விட்டு இன்னொன்றுக்கு எப்படி மாற்றுவது என்பதையெல்லாம் இவற்றிடமே கற்றுக்கொள்ளலாம்.

காகத்தையும் குயிலையும் எடுத்தால் கண்ணைப் பிடிக்க மாட்டேன் என்கிறதே?

காகத்தின் கண் அடர்பழுப்பு. கருத்த இறகுக்கு நடுவே அது கிடப்பதே தெரியாது. கேமராவுக்குத் தேவை வேறுபாடு. அது இல்லாதபோது தலையையோ உடம்பையோ பிடித்துக்கொண்டு நின்றுவிடும். ஆண் குயிலுக்குக் கண் நல்ல சிவப்பு, ஆனால் அது இலைமறைவிலேயே உட்கார்ந்திருக்கும்.

வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்றுகொள்ளுங்கள். கண்ணில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி விழுந்தாலே போதும், கேமரா கண்டுபிடித்துவிடும். வானம் பின்னால் இருந்தால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 அல்லது அதற்கு மேல் கூட்டுங்கள். இல்லாவிட்டால் பறவை வெறும் நிழலுருவமாகத்தான் வரும். பின்னால் கரும்பச்சை இலைகள் இருந்தால் இது தலைகீழ்: கேமரா எல்லாவற்றையும் வெளுப்பாக்கப் பார்க்கும், கொஞ்சம் குறைக்க வேண்டியிருக்கும்.

தையல்சிட்டை எடுக்கும்போது ஃபோகஸ் முன்னால் இருக்கும் இலைக்கே போகிறது. ஏன்?

கண்ணை அடையாளம் காண்பது இரண்டாவது வேலை. முதலில் அங்கே ஒரு பறவை இருக்கிறது என்பதே கேமராவுக்குத் தெரிய வேண்டும். பறவை மொத்தமாக மங்கிக் கிடந்தால் எந்தக் கணிப்பும் நடக்காது. தையல்சிட்டு உட்காருவதோ எலுமிச்சைச் செடிக்குள், நந்தியாவட்டைப் புதருக்குள்.

அகலமான ஃபோகஸ் பரப்பை விட்டுவிட்டுச் சின்னப் பரப்பாகவோ ஒற்றைப் புள்ளியாகவோ வைத்துப் பறவையின் மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள். பறவை ஓரளவு தெளிந்ததும் கண் பிடிக்கும் வசதி தானாக ஏற்றுக்கொள்ளும். பல கேமராக்களில் பின்பக்கம் இரண்டு பட்டன்களுக்கு இரண்டு வகை ஃபோகஸ் கொடுக்கலாம்: ஒன்றில் ஒற்றைப் புள்ளி, இன்னொன்றில் முழுச் சட்டகத்துக் கண் தேடல். கட்டைவிரல் இதற்குப் பழகிவிட்டால் புதருக்குள் இருக்கும் பறவையும் சிக்கும். நெருக்கமான புதர் என்றால் அடையாளம் காணும் வசதியையே அணைத்துவிடுவது மேல். அணைக்கத் தெரிவதும் இந்த வசதியைக் கற்றுக்கொள்வதில் ஒரு பகுதிதான்.

பட்டனை அழுத்தும் முன்பே படம் எடுக்குமாமே, உண்மையா?

உண்மைதான். தோட்டத்துப் பறவைக்கு இதைவிடப் பெரிய உபகாரம் கேமராவில் வந்ததில்லை என்றுதான் சொல்வேன்.

ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தியிருக்கும்போதே கேமரா தன் தற்காலிக நினைவகத்தில் படங்களை ஓடவிட்டுக்கொண்டிருக்கும். புதுப் படம் வர வரப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடும். முழுதாக அழுத்திய உடனே, கடைசி அரை நொடியிலோ ஒரு நொடியிலோ ஓடியதையும் சேர்த்துக் கார்டில் எழுதும். பறவை பறப்பதைப் பார்த்துவிட்டு நம் விரல் அழுத்துவதற்குள் போகிற நேரம் இப்படித் திரும்பக் கிடைக்கிறது. ஒலிம்பஸ் 2016-இல் வந்த இ-எம்1 மார்க் 2 கேமராவில் ப்ரோ கேப்சர் என்ற பெயரில் இதைக் கொடுத்தது. கேனான் ஆர்7-இல் அரை நொடி, நொடிக்கு 30 படம். நிக்கானில் இதன் பெயர் ப்ரீ-ரிலீஸ் கேப்சர், இசட்8, இசட்9, விலை குறைந்த இசட்50-2 ஆகியவற்றில் உண்டு. ஆனால் அதில் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் மட்டும்தான் வரும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா வராது. சோனி 2023-இல் அறிவித்த ஏ9-3-இல் ஒரு நொடி வரை பின்னோக்கிப் போகலாம்.

இதை எப்போதும் போட்டு வைத்திருந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கார்டு குப்பையால் நிறையும். பறவை எப்போது கிளம்பும் என்று ஊகிக்கத் தெரிய வேண்டும். அதற்குப் பறவையே குறிப்புக் கொடுக்கும். வெண்மார்பு மீன்கொத்தி பாயும் முன்பு தலையை மேலும் கீழும் ஆட்டும். மைனா கொஞ்சம் குனிந்து உடம்பைத் தாழ்த்தும். எச்சமிட்டவுடன் கிளம்பும் பறவைகளும் நிறைய. பச்சைப் பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். அது போன பிறகும் கேமராவை அந்தக் கம்பியை விட்டு நகர்த்தாமல், ஃபோகஸைக் கையால் பூட்டிவிட்டுப் பாதி அழுத்தத்தில் காத்திருங்கள். அலகில் தும்பியோடு வந்து இறங்குவது கிடைக்கும்.

தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்போது மொத்தமாகக் கிளம்பாது. ஒன்று போகும், அதன் பின்னால் இன்னொன்று, பிறகு இன்னொன்று. முதலாவதை விட்டுவிடுங்கள். அது பறந்ததும் கிளையில் மிச்சமிருப்பதன் மேல் கேமராவை வைத்துக்கொண்டால் போதும், அதன் முறை வந்தே தீரும். சிறகு பாதி விரிந்து, கால் கிளையை விட்டு இன்னும் முழுதாக எழும்பாமல் இருக்கும் அந்த நிலையை வெறும் கண்ணால் நான் பார்த்ததே இல்லை. படத்தில்தான் பார்த்தேன்: விரல்கள் கிளையை விடுகின்றன, பின்விரல் நகம் மட்டும் பட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தால் சிறகு வளைந்து தெரிகிறது. கேமரா பழுதா?

பழுது இல்லை. மின்னணு ஷட்டரில் சென்சார் (ஒளியைப் பதிவு செய்யும் சில்லு) முழுவதும் ஒரே கணத்தில் படிக்கப்படுவதில்லை, வரி வரியாகப் படிக்கப்படுகிறது. மேல் வரியைப் படித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் சிறகு நகர்ந்துவிட்டால் படத்தில் வளைசல் விழும். நிக்கான் இசட்9 மாதிரி அடுக்குச் சென்சார் (வேகமாகப் படிக்கப்படும் வகை) உள்ளவற்றில் மொத்தமும் ஏறக்குறைய 1/270 நொடியில் படித்து முடிந்துவிடுவதால் இது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. நடுத்தர விலைக் கேமராக்களில் தெரியும். சோனி ஏ9-3-இல் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் படிக்கப்படுவதால் இந்தப் பிரச்சினையே கிடையாது, விலைதான் எட்டாத உயரம்.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மின்னணு ஷட்டர், பறப்பதற்கு மெக்கானிக்கல் ஷட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டனுக்கு முந்தைய படங்களும் (ப்ரீ கேப்சர்) வேண்டுமென்றால் மின்னணுதான் வழி. அப்போது சில படங்கள் வளைந்திருக்கும், சில சரியாக இருக்கும். சிறகு மேலே போய் ஒரு கணம் நிற்கும் இடத்தில் விழுந்த படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஷட்டர் வேகம் எவ்வளவு?

அசையாமல் இருக்கும் கொண்டைக்குருவிக்கு 1/500 நொடி. லென்ஸிலோ கேமராவிலோ நடுக்கம் குறைக்கும் வசதி நன்றாக இருந்தால் 1/250 கூடப் போதும். பறந்தால் 1/2000. பூவின் முன் அந்தரத்தில் நிற்கும் தேன்சிட்டின் சிறகு உறைந்து தெரிய 1/3200 அல்லது அதற்கு மேல். நடுக்கம் குறைக்கும் வசதி உங்கள் கையாட்டத்தை மட்டும்தான் சரிசெய்யும், பறவை ஆடுவதை ஒன்றும் செய்யாது.

ஆண் தேன்சிட்டு நேரில் மின்னுகிறது, படத்தில் கருப்பாக வருகிறதே?

அந்த ஊதாவும் பச்சையும் வெறும் சாயத்தால் வருகிற நிறமல்ல. இறகின் நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. ஒளி, பறவை, நீங்கள் மூன்றும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அமைந்தால்தான் மின்னும். தலையைக் கொஞ்சம் திருப்பினாலும் அணைந்துவிடும். எந்த மெனுவும் இதைக் கொண்டுவராது. சூரியன் உங்களுக்குப் பின்னால், தாழ்வாக இருக்கும் காலை நேரம், பறவை உங்களைப் பார்த்துத் திரும்பும் தருணம், நொடிக்குப் பதினைந்து இருபது படம். அதில் ஒன்றிரண்டில் தொண்டை தீப்பிடித்தது போல ஒளிரும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. முழுச் சட்டகக் கேமராவில், 600 மி.மீ. லென்ஸை எஃப்6.3-இல் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்து 3 மீட்டர் தூரத்தில் எடுத்தால் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய 1 செ.மீ. ஆழம்தான். கண்ணைக் கேமரா சரியாகப் பிடித்தாலும் பறவை நேராகப் பார்த்தால் வளைந்த அலகின் நுனி மங்கிவிடும். லோட்டன் தேன்சிட்டுக்கு அலகு இன்னும் நீளம், அதில் இது நன்றாகவே தெரியும். பக்கவாட்டில் திரும்பும்போது அழுத்துங்கள், அல்லது எஃப்9, எஃப்11 என்று போங்கள்.

துளை சிறுத்து வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏறுமே?

ஏறட்டும். 3200, 6400 என்று போனாலும் ரா-வில் எடுத்தால் இன்றைய மென்பொருள்கள் புள்ளி இரைச்சலை நன்றாகவே துடைக்கின்றன. லைட்ரூமில் 2023-இல் வந்த டீநாய்ஸ், டிஎக்ஸ்ஓ-வின் டீப்ப்ரைம் இரண்டும் இதற்குப் பெயர் போனவை. ஆடிப்போன படத்தை எதுவும் காப்பாற்றாது, ஆகவே வேகத்தைக் குறைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இரைச்சலை நீக்குவது வேறு, கூர்மையாக்குகிறேன் என்று இல்லாத இறகை வரைவது வேறு. கதிர்க்குருவி மாதிரி ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும் பறவைகளில், கண்புருவக் கோடு எவ்வளவு நீளம், இறகு ஓரம் என்ன நிறம் என்பதை வைத்துத்தான் பெயரே சொல்கிறோம். மென்பொருள் ஊகித்து வரைந்த கோட்டை வைத்துப் பெயர் சொன்னால் அது தப்பான பதிவு.

தோட்டத்துக்கு எந்த லென்ஸ்?

எவ்வளவு தூரத்தை எடுக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், எவ்வளவு கிட்டத்தில் எடுக்கும் என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்தில் பறவை கைக்கெட்டும் தூரத்துக்கே வரும். கேனானின் 600 மி.மீ. எஃப்11 லென்ஸ் 4.5 மீட்டருக்குக் குறைவாக ஃபோகஸ் ஆகாது, 800 மி.மீ. எஃப்11 என்றால் 6 மீட்டர். சிறிய கொல்லையில் இவை உங்களைச் சுவரோடு ஒட்டி நிற்கவைக்கும். அதே நிறுவனத்தின் 100-400 எடை குறைவு, ஒரு மீட்டருக்குள்ளும் ஃபோகஸ் ஆகும். தேன்பழ மரத்துக்கு வரும் மலர்கொத்தி மொத்தமே 8 செ.மீ.தான். அதற்கு நெருங்கிப் போவதுதான் வழி.

போனில் எடுத்தால் போதாதா?

பெயர் கண்டுபிடிக்கப் போதும். நிஜ ஜூம் முடிந்த பிறகு போன் காட்டும் இறகில் பெரும்பகுதி அது கணக்குப் போட்டு வரைந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேமராவைப் பறவைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குள்ளிருந்து எடுக்க முடியுமா?

முடியும், செய்து பாருங்கள். நிக்கானில் ஸ்னாப்பிரிட்ஜ், கேனானில் கேமரா கனெக்ட், சோனியில் கிரியேட்டர்ஸ் ஆப் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் செயலி உண்டு. வைஃபை வழியாகக் கேமரா பார்ப்பதைப் போனில் பார்த்தே அழுத்தலாம்.

சித்திரை வெயிலில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஆழம் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல் இருக்கட்டும். பூனை பதுங்க முடியாத இடமாகப் பாருங்கள். தினமும் கழுவித் தண்ணீர் மாற்றுங்கள். ட்ரைபாடில் கேமராவை வைத்து மேலே ஒரு பழைய துணியைப் போர்த்திவிட்டு, பறவைகள் அதற்குப் பழகும்வரை படமே எடுக்காமல் விட்டுவிடுங்கள். சத்தமில்லாத ஷட்டரின் அருமை இங்கேதான் தெரியும். நிழலில் வைக்க மறக்காதீர்கள், வெயிலில் கேமரா சூடாகி நின்றுவிடும்.

எங்கள் கொல்லைச் சட்டிக்குக் கொண்டைக்குருவி ஜோடியாக வரும். ஒன்று கல்லில் உட்கார்ந்து காவல் பார்க்க, மற்றது குளிக்கும். மார்பைத் தண்ணீரில் அழுத்தி, சிறகை அடித்து, முதுகில் தண்ணீரை வாரிப் போட்டுக்கொள்ளும். பிறகு உலுக்கும்போது வாலடியிலுள்ள சிவப்பு இறகுகள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

மதியத்தில் எடுத்த படம் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. ஃபோகஸ் கோளாறா?

பெரும்பாலும் இல்லை, அனல்தான். மொட்டை மாடித் தளத்திலிருந்தோ சிமெண்டு முற்றத்திலிருந்தோ எழும் சூடான காற்று அலையடிக்கும். நீள லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டும். கண்ணின் மேல் கட்டம் சரியாக உட்கார்ந்திருக்கும், படம் மட்டும் கலங்கியிருக்கும். காலை ஒன்பது மணிக்குள் எடுத்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்து வந்தால் கண்ணாடியில் ஈரம் படியும். பையை மூடியபடியே வெளியே கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.

கார்டு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரா படம் 25 எம்பி, நொடிக்கு 30 படம் என்றால் நொடிக்கு 750 எம்பி. எஸ்டி கார்டில் வி60 என்று போட்டிருந்தால் நொடிக்குக் குறைந்தது 60 எம்பி எழுதும் என்று பொருள், வி90 என்றால் 90. மீதியெல்லாம் கேமராவுக்குள் வரிசையில் நிற்கும், அது நிறைந்ததும் கேமரா திணறும். ஆகவே சின்னச் சின்னத் தொடராக எடுங்கள்.

வீடியோவுக்கு ஏற்ற தோட்டத்துப் பறவை எது?

செம்மார்புக் குக்குறுவான். உச்சிக் கிளையில் உட்கார்ந்து 'டுக் டுக் டுக்' என்று நிறுத்தாமல் கூப்பிடும்போது அலகு மூடியே இருக்கும், தொண்டை மட்டும் உப்பி உப்பி அடங்கும். தலையை வேறு இப்படியும் அப்படியும் திருப்புவதால் சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. இதைப் புகைப்படத்தில் காட்ட முடியாது. 4கே-வில் நொடிக்கு 50 சட்டகம் போதும். விடியற்காலையில் பாடும் குண்டுக்கரிச்சானையும் விடாதீர்கள்.

போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கலாமா? கூட்டைப் படம் எடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அந்தப் பறவை ஓடி வருகிறது. குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரம் வீணாகிறது. கூட்டின் முன் இலையை விலக்கினால் வெயிலும் காகமும் உள்ளே வரும். தையல்சிட்டு இலையைத் தைத்துக் கட்டியிருப்பதே மறைப்புக்காகத்தான். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், கூட்டைக் கலைப்பதையும் முட்டைக்குச் சேதம் விளைவிப்பதையும் வேட்டை என்ற சொல்லின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுத் தோட்டம் என்பதற்காகக் கூடு உங்களுடையது ஆகிவிடாது. தற்செயலாகக் கூட்டைப் பார்த்துவிட்டால் சில வாரங்களுக்கு அந்தப் பக்கம் கேமராவோடு போகாதீர்கள்.

எடுத்த படங்களை என்ன செய்வது?

ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பறவைப் பட்டியலோடு சேர்த்து ஏற்றுங்கள். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே நூலகத்தில் அவை சேர்ந்துவிடும், ஆய்வாளர்கள் பயன்படுத்துவார்கள். தை மாதம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் ஊர்ப்புறப் பறவைகள் கணக்கெடுப்பும் வீட்டு மாடியிலிருந்தே கலந்துகொள்ளக் கூடியவை. ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்ததையெல்லாம் எழுதினால் ஒரு பட்டியல் ஆயிற்று. காகமும் மைனாவும்தானே என்று விட்டுவிடாதீர்கள், அவற்றையும் எழுத வேண்டும்.

பெயர் தெரியாத பறவை என்றால் அழகான ஒரு படத்தைவிட, சுமாரான மூன்று படங்கள் உதவும்: பக்கவாட்டில் ஒன்று, முதுகு தெரிய ஒன்று, வாலின் அடிப்பக்கம் தெரிய ஒன்று. அந்த மூன்றையும் வெட்டி நேராக்குவதோடு நிறுத்திக்கொண்டு, நிறத்தைத் தொடாமல் ஏற்றுங்கள்.